சாமியறையில் நாற்பத்திரண்டு போத்தல்

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியர். மதுவம் என்ற நுண்ணங்கி வெல்லத்தைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும், அதற்கு நொதித்தல் என்று பெயர் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறவன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான்கு புள்ளி. அந்த நான்கில் ஒன்றைக்கூட எனக்குத் தரக்கூடாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் ஒரு தை மாதத்தில் ஒரு பெட்டியோடும் ஒரு மேசை விசிறியோடும் (விசிறி நண்பர்கள் தந்த பரிசு, என் அசையும் சொத்தில் பாதி அதுதான்) கரடியனாற்றிலிருந்து ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்தேன். பிறந்த வீட்டில் என் மதிப்பு வேறு. "டேய், மாட்ட அவுத்துக் கட்டு", "டேய், வட்டைக்குப் போய் வயலுக்குத் தண்ணி ஏறிட்டா எண்டு பாத்திட்டு வா" என்று ஆளுக்கு ஆள் விரட்டுவார்கள். ஆசிரியன் என்பதால் வந்த வீட்டில் நான் "சேர்".

"சேர் குளிச்சிட்டாரா எண்டு கேளு." "சேருக்கு நடுத்துண்டு மீன வை." "சேருக்குச் சோறு காணுமாமா?" இவை எல்லாம் என் மாமி சொல்பவை. ஆனால் என்னிடம் சொல்பவை அல்ல. இரண்டடி தூரத்தில் நான் வாயில் சோற்றோடு உட்கார்ந்திருப்பேன். மாமி கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவி வதனியிடம் சொல்லுவார். புது மருமகனோடு மாமியார் நேருக்கு நேர் கதைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. மருமகன் சொன்னதை மறுத்துச் சொல்வது அதைவிட மரியாதைக் கேடு. நான் குசினி வாசலில் கால் வைத்தால் மாமி பின்வாசலால் இறங்கி வளவுக்குள் போய்விடுவார்.

முதல் மாதம் இது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் அலுத்தது. மூன்றாம் மாதம், யாரோ வாங்கிவந்து வரவேற்பறையில் வைத்த பூச்சாடிதான் நான் என்ற எண்ணம் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை நானே கழுவப் போனால் வீட்டில் ஏதோ நடக்கக்கூடாதது நடந்ததுபோல் வதனியும் அவள் தங்கையும் ஓடிவந்து பறிப்பார்கள். எனக்கு வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாமி ஒருநாள் என் முகத்தைப் பார்த்து, மகனே என்ற உரிமையில் "மனே" என்று கூப்பிட்டு ஒரு வேலை சொல்ல வேண்டும். நான் அந்த வீட்டு ஆளாக வேண்டும்.

மாமிக்கு ஒரு சிவப்புக் கோழி இருந்தது. மாமி அதோடு நிறையக் கதைப்பார். நான் முற்றத்தில் சைக்கிளை மழைக்குள் விட்டிருந்தால் கோழியைப் பார்த்து, "ஏய் கோழி, இரும்பெண்டா நனைஞ்சா துருப்புடிக்கும் கா" என்பார். லைற்றை அணைக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டால் அதையும் கோழியிடம்தான் முறையிடுவார். (அப்போது எனக்கு இது விளங்கவில்லை. பாவம் மாமி, கதைக்க ஆளில்லாமல் கோழியோடு கதைக்கிறாரே என்று இரக்கப்பட்டேன். பட்டப்படிப்பு வேறு, புத்தி வேறு.)

சித்திரை விடுமுறையில் மாமியின் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒரேயடியாகப் பழுத்தது. அந்த மரத்துப் பழம் சாதாரணப் பழம் அல்ல. வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும் ஒரு வாரத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. குடி என்றால் தாய்வழியில் வருகிற சொந்தக் கூட்டம். எங்கள் மாமியின் குடிக்குரிய நாளில் மத்தியானப் பூசை முடிந்ததும் குடிப் பெண்கள் எல்லோரும் மாமி வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு மாமி தன் கையால் மாம்பழம் வெட்டிக் கொடுப்பார். மாமிக்கு முன்னர் அவருடைய தாய் கொடுத்தார். ஒரு வருடமும் தவறியதில்லை. மாமிக்கு ஊரில் இருக்கும் பெயரே அந்தப் பழத்தட்டில்தான் இருந்தது.

அந்த வருடம் மரம் அவசரப்பட்டுவிட்டது. சடங்குக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே பழம் பொத்துப் பொத்தென்று விழுந்தது. "இந்தமுற சடங்குக்கு ஒரு பழமும் மிஞ்சாது போலக் கிடக்கு கா. வாற சனத்துக்கு என்னத்தக் குடுக்கிற?" என்று மாமி கோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தக் கணத்தில் எனக்குள் இருந்த விஞ்ஞானி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் வீடியோக்களை நான் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் தோட்டத்துப் பழம், மரக்கறி எல்லாவற்றையும் கோடையில் காய்ச்சிப் போத்தலில் அடைத்துப் பனிக்காலம் முழுவதும் சாப்பிடுகிறவர். அவர் வீட்டு அலுமாரியில் போத்தல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். இறுக மூடிய போத்தலை அவர் ஆறவிடும்போது மூடி "டொக்" என்று உள்ளே குழியும். குழிந்தால் வெற்றி.

"வதனி, மாமியிட்டச் சொல்லு. சடங்குக்கு மாம்பழம் நான் தாறன். எல்லாத்தையும் போத்தல்ல அடைச்சுத் தாறன்."

வதனி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்கு முட்டை அவிக்கவே தெரியாதே?"

"முட்டை வேற, விஞ்ஞானம் வேற."

அவள் குசினிக்குள் போனாள். உள்ளே யாரோ சட்டியை ஓங்கி வைத்தார்கள். பிறகு மாமியின் குரல் கேட்டது: "சேர் சொன்னா சரியாத்தான் இரிக்கும்." அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். மாமி அந்த வசனத்தை எந்த முகத்தோடு சொன்னார் என்பதை வதனி எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் நடித்துக் காட்டினாள்.

போத்தல் வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். பழைய கண்ணாடிப் போத்தல் விற்கும் காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கடையில் ஜாம் வந்தது, சோஸ் வந்தது, ஊறுகாய் வந்தது என்று நாற்பத்திரண்டு போத்தல் பொறுக்கினேன். பக்கத்துக் கடையில் வாங்கிய சீனிப் பையைப் பார்த்துவிட்டு காக்கா கேட்டார்.

"என்ன சேர், இவ்வளவு போத்தலுக்கும் இந்தச் சீனிதானா?"

"ஓம் காக்கா."

"காணாதே சேர். எங்கட ஊட்ட உம்மா ஜாம் காச்சினா பழத்துக்குச் சரிக்குச் சரி சீனி போடுவா."

"அது பழைய முறை காக்கா. எங்கட மாமாவுக்குச் சீனி வருத்தம். நான் அரைவாசியாக் குறைக்கப் போறன்."

காக்கா என் கண்ணாடியையும் சட்டைப்பையில் இருந்த மூன்று பேனைகளையும் பார்த்தார். "நீங்க படிச்ச ஆள். சரியாத்தான் இரிக்கும்" என்று சாக்கைக் கட்டித் தந்தார். இந்த ஊரில் படித்தவனை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

மறுநாள் காலையில் குசினி என் கைக்கு வந்தது. மாமி வழக்கம்போல் பின்வாசலால் இறங்கினார். ஆனால் ஜன்னலுக்கு நேர் வெளியே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார். கோழி பக்கத்தில் நின்றது. மச்சாள் சுதா, அதாவது வதனியின் தங்கை, பழம் சீவித் தந்தாள். நான் பெரிய சட்டியில் காய்ச்சினேன். சீனியை அரைவாசியாகக் குறைத்தேன். பிறகு மாமாவின் இரத்தப் பரிசோதனை ஞாபகம் வந்து அதையும் அரைவாசியாக்கினேன். அன்பு மிகுதியால் செய்த காரியம் அது.

ஜன்னலுக்கு வெளியே மாமியின் குரல் கேட்டது. "ஏய் கோழி, சீனி காணாட்டிப் பழம் புளிச்சிரும் கா. உனக்கு விளங்குதா?"

கோழி ஒன்றும் சொல்லவில்லை.

போத்தல்களைக் கொதிநீரில் அவித்தெடுத்தேன். அதுவரை சரி. அந்த வெள்ளைக்காரப் பெண்மணி போத்தல்களைச் சூட்டோடு சூடாக நிரப்பச் சொல்லியிருந்தார். முதல் போத்தல் படாரென்று வெடித்துக் காலடியில் சிதறியதால் நான் அந்தப் படியைத் தவிர்த்தேன். எல்லாவற்றையும் நன்றாக ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் என் துவாயால் உள்ளேயும் வெளியேயும் துடைத்தேன். (அதே துவாய்தான். காலையில் கிணற்றடியில் முகம் துடைத்தது.)

"அவிச்ச போத்தல வெயில்லதான் கா காயவெக்கிற. துவாயால தொடைக்கிறதும் ஒரு பழக்கமா?" என்றார் மாமி கோழியிடம்.

கோழிக்கு எதற்குப் போத்தல் என்று நான் ஒரு கணம் யோசித்தேன். பிறகு நிரப்பும் வேலையில் மறந்துபோனேன்.

"தண்ணி வத்தாம எறக்கினா எத்தின நாளைக்குக் கா நிக்கும்?" என்று கடைசியாக ஒரு தடவை மாமி கேட்டார். குரலில் கொஞ்சம் அழுகை கலந்திருந்ததை இப்போது நினைத்தால் உணர முடிகிறது. நான் அடுப்பை அணைத்தேன். நிறம் கெடக்கூடாது அல்லவா?

வெடித்த போத்தலுக்குப் பதிலாக ஒரு பழைய தேன் போத்தலைத் தேடிப்பிடித்து, பின்னேரம் நாற்பத்திரண்டையும் மேசையில் அடுக்கினேன். வெயில் பட்டு மஞ்சளாக மின்னின. அழகுதான், அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். சட்டியில் மிஞ்சியதில் எல்லோருக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தேன்.

"நல்லா இரிக்கி" என்றார் மாமா. மாமா இளைப்பாறிய பஸ் சாரதி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

"அத்தான், கடையில வாங்கின மாதிரியே இரிக்கி" என்றாள் சுதா. அவளுடைய மிச்சம் கோழிக்குப் போனதைப் பிறகு அறிந்தேன். கோழியும் மரியாதைக்காகத்தான் தின்றிருக்க வேண்டும்.

மாமி கதவுக்குப் பின்னால் நின்று தின்றார். "அம்மா என்ன சொல்லுறா?" என்று வதனியைக் கேட்டேன். "ஒண்டும் சொல்லல்ல. போத்தலெல்லாம் சாமியறையில வைக்கட்டாம். அங்கதான் குளிர்ச்சியாம், சுத்தமாம்" என்றாள். என் கண் கலங்கிவிட்டது. அம்மன் படத்துக்குக் கீழே இருந்த தட்டில் என் போத்தல்கள்! நான் படித்த படிப்புக்கு அதுவரை கிடைக்காத மரியாதை அது. மாமியின் கணக்கு வேறு என்று இப்போது எனக்குத் தெரியும். மனிதரால் ஆகாததை அம்மனிடம் ஒப்படைத்துவிட்டார்.

பிறகு வந்த வாரங்களில் நான் தினமும் காலையில் சாமி கும்பிடப் போய்ப் போத்தல்களைப் பார்த்துவிட்டு வந்தேன். மூடிகள் "டொக்" என்று உள்ளே குழியவில்லை. மெல்ல மெல்ல வெளியே புடைத்தன. நன்றாக நிறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே ஏறின. பழம் உயிரோடு இருக்கிறது என்று வதனியிடம் சொன்னேன். ஒன்றிரண்டு மூடிகள் தளர்ந்ததுபோல் தோன்றியதால் எல்லாவற்றையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கி இறுக்கினேன். இதே வாரத்தில் பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய பாடம் எது என்று கேட்காதீர்கள்.

வைகாசி வந்தது. கோயில் கதவு திறந்தது. வீட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவி, மீன் சட்டியை எல்லாம் கவிழ்த்து வைத்தார்கள். சடங்கு முடியும்வரை வீட்டில் மச்சம் இல்லை. மாமாவின் இடைக்கிடைச் சாராயமும் இல்லை. வழக்கமாக அந்த வாரத்தில் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பாராம். அந்த வருடம் அப்படி இல்லை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரம் ஒரு தடவை என்று சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவோடு, அம்மன் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வெளியே வருவார்.

"அம்மன் கண் திறந்திட்டா கா" என்று மாமி கோழியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். "முப்பது வருசத்தில இந்த மனிசன் ஒருநாளும் இப்பிடிக் கும்பிட்டதில்ல."

மாமாவின் சாரன் மடிப்பில் ஒரு தேக்கரண்டி சொருகியிருந்ததை நான் கண்டேன். வயதானவர், மருந்து குடிக்க வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

மாமியின் குடிக்குரிய நாள் வந்தது. மத்தியானப் பூசை முடிந்து இருபது பெண்களுக்குக் குறையாமல் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் குளித்துத் தலைமுடி காயாமல், வெள்ளைச் சேலையும் வேப்பிலை வாசமுமாக வந்து முன் அறையில் பாயில் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் மாமியின் பெரியம்மா. அவர் தலையாட்டினால்தான் குடியில் எதுவும் சரி. நான் புது வேட்டி கட்டி, நாற்பத்திரண்டு போத்தலுக்கும் பொறுப்பாளனாக, சாமியறை வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"புள்ள, பழம் எங்க?" என்றார் பெரியம்மா.

"இந்தமுற சேர் செஞ்சிரிக்கார், பெரியம்மா" என்றார் மாமி. குரல் அடங்கி வந்தது. முதலில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போத்தலை எடுக்கலாம் என்று சாமியறைக்குள் போனார். நெருப்புக்குச்சி கிழித்துத் திரியில் வைத்தார். வைகாசி வெயிலில் கூரைத்தகடு காய்ந்து அந்த அறை ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது.

முதல் மூடி பறந்தபோது எல்லோரும் யாரோ வெடி கொளுத்துகிறார்கள் என்று நினைத்தார்கள். சடங்குக் காலம்தானே. இரண்டாவது மூடி கூரையில் பட்டுத் திரும்பி வந்து மணித்தட்டில் விழுந்தது. பிறகு எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. மஞ்சள் நுரை சுவர் வழியாக வழிந்தது, தட்டு வழியாக வழிந்தது, விளக்கை அணைத்தது. நான் உள்ளே பாய்ந்து ஒரு போத்தலின் மூடியைக் கையால் அமத்திப் பிடித்தேன். (விஞ்ஞான ஆசிரியர்!) அது என் கைவிரல்களுக்கிடையால் பீறி நேராக மாமியின் வெள்ளைச் சேலையில் முந்தானையிலிருந்து முழங்கால் வரை படம் போட்டது.

அம்மன் படத்துக்கு மட்டும் ஒரு துளியும் படவில்லை. இதை ஊரே அதிசயமாகச் சொல்கிறது. நான் ஆராயப் போவதில்லை.

கடைசி மூடியும் பறந்து முடிந்தது. அப்போதுதான் வாசம் முன் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா மூக்கை உறிஞ்சினார்.

"என்ன புள்ள இது? சாமியறைக்குள்ள கள்ளுத் தவறணை வாசம் அடிக்கிது?"

இருபது பெண்களும் ஒரே நேரத்தில் மூக்கை மூடினார்கள். மாமா விறாந்தையிலிருந்து ஓடிவந்தார். நான் பார்த்ததிலேயே அன்றைக்குத்தான் அவர் அதிகம் பேசினார். "ஐயோ, எல்லாம் போச்சா? ஒரு போத்தலும் மிஞ்சல்லையா?" என்று தலையில் கை வைத்தார். சாரன் மடிப்பிலிருந்து தேக்கரண்டி நழுவிச் சீமெந்துத் தரையில் கணீரென்று விழுந்தது.

மாமி கரண்டியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கிடைத்த பக்தி அவர் கண்முன்னே கரைந்து போனது. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக நேராக, முகத்துக்கு முகம், நடுவில் கதவில்லாமல்.

"மனே!" என்றார். "உனக்குப் புத்தி கித்தி ஏதும் இரிக்கா?"

வதனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீனி காணாது, காணாது எண்டு நான் தொண்ட கிழியச் சொன்னன். தண்ணி வத்தல்ல எண்டு சொன்னன். துவாயால தொடைக்காத எண்டு சொன்னன். கேட்டியா நீ? நாலு எழுத்துப் படிச்சிட்டா காது அடைச்சிருமா? இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ட மானத்த வாங்கிட்டியே!"

பிழை என்னுடையதுதான். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "மாமி," என்றேன், "நீங்க அதெல்லாம் கோழியிட்டத்தானே சொன்னீங்க?"

"கோழியா ஜாம் காச்சினது?"

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பல்லில்லாத வாயைத் திறந்து, தொடையில் அடித்து, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு பாயில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கண் தட்டில் இருந்தது. வெறும் தட்டு. அவர் தாய் காலத்திலிருந்து ஒரு வருடமும் வெறுமையாக இருந்திராத தட்டு. அதைப் பார்த்தபோதுதான் என் வேலையின் முழு அளவும் எனக்கு உறைத்தது. நான் விளையாடியது மாமியின் பெயரோடு. அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

"நிண்டு முழிக்காத" என்றார் மாமி. "உச்சியில வௌவாலுக்கு எண்டு விட்டதில பிந்திப் பழுத்தது கொஞ்சம் கிடக்கு. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஏறு."

ஏறினேன். கரடியனாற்றில் நான் ஏறாத மரம் இல்லை. இந்தப் பட்டப்படிப்பெல்லாம் பிறகு வந்ததுதான். ஆனால் புது வேட்டியோடு, இருபது பெண்கள் அண்ணாந்து பார்க்க, அவர்களில் மூன்று பேர் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாராக இருக்க, ஏறியது அதுதான் முதல் தடவை. பாதி உயரத்தில் முசுறுக் கூடு ஒன்றில் கையை வைத்தேன். வேட்டிக்குள் எந்த வழியால் போவது என்று அந்தச் சிவப்பெறும்புகளுக்குத் தனிப் பாடம் நடத்தத் தேவையில்லை. நான் மரத்தில் ஆடிய ஆட்டத்தைக் கோயிலில் உரு வந்து ஆடுவதோடு ஒப்பிட்டுப் பெரியம்மா கீழேயிருந்து ஏதோ சொன்னார். மறுபடி சிரிப்பு.

"இடப்பக்கம் மனே, இடப்பக்கம்! அந்தக் கொப்பில ரெண்டு கிடக்கு. கொப்ப முறிச்சிராத! கண்ணாடியக் கழட்டிட்டு ஏறக் கூடாதா, விசரா?"

மாமி மரத்தடியில் சாக்கை விரித்துப் பிடித்தபடி விடாமல் ஏசிக்கொண்டிருந்தார். நாலு பழந்தான் கிடைத்தது. இரண்டில் அணில் கடித்திருந்தது. மாமி கடித்த பக்கத்தைச் சீவிவிட்டு, ஒவ்வொருவருக்கும் விரல் அகலத்தில் ஒரு துண்டு வரும்படி வெட்டினார். பெரியம்மா தன் துண்டை வாயில் போட்டு நீண்ட நேரம் மென்றார். "பழம் கொஞ்சமெண்டாலும் ருசிதான் புள்ள" என்று தலையாட்டினார். மாமியின் தோள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லோரும் போனபின் மாமி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வாளியை எடுத்தார். பழக்கதோஷத்தில் நான் விறாந்தைக்குப் போகத் திரும்பினேன். "எங்க போறாய்? தும்புத்தடிய எடு" என்றார். இருவரும் சேர்ந்து அந்த அறையை நாலு தடவை கழுவினோம். நான் கழுவிய விதம் சரியில்லை என்று ஐந்தாவது தடவையும் கழுவ வைத்தார். முசுறு கடித்த இடமெல்லாம் எரிந்தது, முழங்கை வரை பழக்கூழ். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அன்றோடு என் மரியாதை முடிந்தது. நடுத்துண்டு மீன் மாமாவுக்குப் போனது (பிறகு கரண்டி விவகாரத்தால் கொஞ்ச நாள் யாருக்குமே போகவில்லை). இப்போது நான் தேங்காய் துருவுகிறேன், உடுப்புக் காயப்போடுகிறேன், காலையில் மீன்காரரோடு மாமி சார்பில் சண்டை பிடிக்கிறேன். சொந்தக்காரர் யாராவது பொருத்தமில்லாத ஆளிடம் போய் முறையிட்டால் எங்கள் குடியில் இன்றும் "கோழியா ஜாம் காச்சினது?" என்றுதான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அது பரவிவிட்டது. போன வருடத் தவணைப் பரீட்சையில் நொதித்தலுக்கு ஓர் உதாரணம் தரச் சொல்லிக் கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை "சேர் வீட்டு மாம்பழம்" என்று எழுதியிருந்தது. முழுப் புள்ளியும் போட்டேன்.

சுதாவுக்கும் போன வருடம் கலியாணம் முடிந்து, அவளுடைய மாப்பிள்ளை உன்னிச்சையிலிருந்து பக்கத்து வளவுக்கு வந்து சேர்ந்தார். வங்கியில் வேலை. அமைதியான பிள்ளை. ஒருநாள் பின்னேரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ண, மாமி உங்களோட மட்டும் எப்பிடி இவ்வளவு உரிமையாக் கதைக்கிறா? என்னோட ஒரு சொல்லுமில்ல. வந்து ஏழு மாசமாச்சு. ஒரு கோப்பையத் தூக்கவும் விடுறாங்க இல்ல. எனக்கு ஏதோ வாடகைக்கு இரிக்கிற மாதிரி இரிக்கி."

எனக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. தோளில் கை போட்டேன். "தம்பி, பின் வளவில தேசிக்காய் நல்லாக் காய்ச்சிருக்கு. ஊறுகாய் போடலாம் எண்டு ஒருக்கா மாமிக்குச் சொல்லிப் பாருங்க. உப்ப மட்டும் கொஞ்சம் குறைச்சுப்..."

"மனே!" குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் சட்டியையும் தாண்டி வந்தது. "அந்தப் புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிறாய்? எழும்பி வந்து இந்த வெங்காயத்த உரி!"

நான் எழும்பினேன். சகலன் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது அப்பட்டமான பொறாமை.